குரல் நிற்கிற இடம்

நடுவர் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே நின்ற தமயந்திக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அவளுடைய வண்டியில் அந்தச் சத்தம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வரும், டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளினால். தள்ளிவிட்டார். போச்சு. ஆறடி ஆள், வேறு என்னதான் செய்வார் பாவம், முழங்காலைக் கழற்றி வெளியிலா வைப்பார்? தமயந்தி நாலடி பத்து அங்குலம். சீட்டைக் கடைசிப் பல் வரைக்கும் முன்னால் இழுத்து, மகளுடைய பழைய தலையணையை மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ரோடே தெரியும். அந்தத் தலையணையையும் மனிதர் ஏறும்போதே எடுத்து, மரியாதையாகத்தான், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி பின்சீட்டில் வைத்துவிட்டார். ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, சார், சீட்டை முன்னால இழுங்க, தலையைக் கொஞ்சம் இறக்கிக்குங்க என்று சொல்லலாம். சொல்லக் கூடாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, கையும் காட்டக் கூடாது, மீறினால் மார்க்கே கிடையாது என்று காலையிலேயே மைக்கில் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, ராசிபுரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்துத் திடல் சும்மா கிடக்கிறதே என்று அங்கே வைத்திருந்தார்கள், எந்தக் காருக்குள் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கிற இந்தக் கார் பாட்டுப் போட்டியை. இருபத்திரண்டு வண்டிகள். எல்லா வண்டிக்கும் அதே மூன்று பாட்டு, நடுவர் சட்டைப் பையில் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து. பொம்பளை பேரில் வந்தது இது ஒன்றுதான். படிவத்தில் வண்டி உரிமையாளர் என்ற இடத்தில் புருசன் லோகநாதன் பேரை எழுதியவள், ஒலி அமைத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். யோசிச்சாப் பேரு மாறிப்போகுமா என்று லோகநாதன்தான் கேட்டான். தமயந்தி என்று எழுதிவிட்டாள். எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ.

சீட்டு ஒரு சாண் பின்னால் போனால் என்ன ஆகும் என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். காரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார், வலது கதவு ஸ்பீக்கர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது கதவு ஸ்பீக்கர் எட்டத்தில். கிட்டத்துச் சத்தம் முதலில் வந்து காதில் விழுந்துவிடும், பாடுகிறவர் வலது கதவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார். அவர் எதிரே நடுவில் நிற்க வேண்டுமென்றால் கிட்டத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று பிடித்து வைக்க வேண்டும். இரண்டு ஊரிலிருந்து கிளம்பும் டவுன் பஸ் ஒரே நேரத்தில் ஸ்டாண்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் பக்கத்து ஊர் பஸ் தாமதமாகத்தான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விசயம். எவ்வளவு தாமதம் என்பது உட்காருகிறவர் காது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமயந்தி துணி தைக்கிற டேப்பை எடுத்து, ஒரு நுனியைக் காது மடலில் பிடித்து, மறுநுனியை ஸ்பீக்கர் வரைக்கும் இழுத்து, ஒவ்வொன்றாக அளந்து வைத்த கணக்கு அது. அவள் காதுக்கு. அவள் உயரத்துக்கு. ஜாக்கெட் மாதிரி. இப்போது அதை ஆறடி மனிதருக்குப் போட்டுவிட்டால் எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும்? குரல் நடுவிலிருந்து நழுவி இடப்பக்கம் போய்விடும். இடப்பக்கம். அந்த வார்த்தையிலேதான் அவள் மனசு முள்ளில் சேலை மாட்டிய மாதிரி மாட்டிக்கொண்டது, இழுக்க இழுக்க இன்னும் நூல் பிரிந்தது. குரல் இடப்பக்கம் போனால் அதற்குச் சீட்டும் காரணமாக இருக்கலாம், அவள் காதும் காரணமாக இருக்கலாம், இரண்டில் எது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்தாள். கப்பு வாங்கவா வந்தாள்?

ஏழு வயதில் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் குதித்து இடது காதில் சீழ் வைத்தது. பஞ்சு, மருந்து, மஞ்சள் வாசனை, தலையணை உறையில் கறை. அது நின்று போனது. ஆனால் அந்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவ முகாமில் ஒருவர் கைக்கடிகாரத்தை ஒவ்வொரு காதுப் பக்கமும் பிடித்து, கேக்குதா பாப்பா, கேக்குதா என்று கேட்டார். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடும்போது எந்தக் காதில்தான் என்ன கேட்கும், பயத்தில் இல்லை என்று தலையாட்டினாள். இடது காது மந்தம் என்று அட்டையில் எழுதிவிட்டார். வாத்தியார் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். பிள்ளைகள் டமாரம் என்று பேர் வைத்தார்கள். டமாரம், உன்ற சிலேட்டைக் குடு. டமாரம், கோல மாவு வாங்கிட்டு வரச் சொன்னேனே. பத்தாவது முடிக்கிற வரைக்கும் டமாரம்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா அடுப்படிக்கு இழுத்துப் போய், மாப்ள இடப்பக்கம் இருந்து பேசுனாத் திரும்பி உக்காந்துக்க கண்ணு என்று கிசுகிசுத்தாள், அதையும் இடது காதில்தான் கிசுகிசுத்தாள், நன்றாகத்தான் கேட்டது. கேட்டதா, இல்லை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளா? அதுதான் தெரியவில்லை. இருபத்தோரு வருசமாகத் தெரியவில்லை. கல்யாணம் ஆன மூன்றாம் நாள் லோகநாதனிடம் அழுதுகொண்டே சொல்லியும் விட்டாள். அவன் சிரித்தான். "நான் ரிக்கு வண்டியில போர் போடறவன், புள்ள. கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு எனக்கு ரெண்டு காதும் டமாரம். உனக்கு ஒண்ணாவது மிச்சமிருக்குதல்ல." அந்த வார்த்தையில் அவள் குளிர்ந்து போனது உண்மை. ஆனால் சாட்சிக்கு ஆகாத ஆள் ஆகிவிட்டானே. குரல் நடுவிலே வருதுங்களா என்று கேட்டால், வருதாட்டத்தான் இருக்குது என்பான். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வான். ஆசுபத்திரியில் போய்ச் சோதித்துக்கொண்டால் தீர்ந்தது. போகலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? சாய்ந்த சுவரில் நேராகத் தெரிகிற படம் மாதிரி, கோணல் காதுக்கு நேராக வைத்த பாட்டு அது என்று ஆகிவிட்டால், அவள் அந்த வண்டிக்குள் கேட்டதெல்லாம் என்ன?

என்னவெல்லாம் கேட்டிருக்கிறாள். லோகநாதன் ரிக்கோடு மத்தியப் பிரதேசம் போனால் ஐந்து மாதம், ஆறு மாதம். கார் கூரைக் கொட்டகையில் நிற்கும். மகள் கனிஷ்கா கைக்குழந்தையாக இருந்தபோது வண்டிக்குள் ஏசியைப் போட்டு மடியில் கிடத்தினால் தூங்குவாள், அப்படித் தொடங்கியதுதான், பிள்ளை தூங்கச் சின்னதாக ஒரு பாட்டு. பாட்டு தகரடப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. கதவு அட்டையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே வெறும் தகரம்தான். செல்போன் வீடியோவில் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தபடி தார் ஷீட்டை வெட்டி, தோசைக்கரண்டியின் கைப்பிடியால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். இரண்டு நாள் கை முழுக்கத் தார், சோறு பிசைந்தால் தார் வாசனை, மாமியார் மூக்கைச் சுருக்கினாள். அன்றைக்குத் தபலா முதன்முதலாகத் தோல் சத்தத்தோடு வந்தது. பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு கண்ணாடி ஓரத்தில் சின்ன ஸ்பீக்கர்கள், எல்லாம் யாரோ கழற்றி விற்ற பழசு. சித்திரை மாதம், மதியம், பிள்ளை பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்குகிறது, இவள் ஸ்பீக்கர்களுக்கு வைக்கிற எண்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறாள், ஏத்து, இறக்கு, மறுபடி முதலிலிருந்து. பாட்டு இரண்டு கதவிலும் இருந்தது, இருந்தது, இருந்தது, சட்டென்று இரண்டு கதவிலும் இல்லை. ஸ்பீக்கர் ரெண்டும் செத்துவிட்டதோ என்று நினைத்தாள். பாடுகிறவர் எதிரே நின்றார். கண்ணாடிக்கு நேர் நடுவில், அவள் கண் மட்டத்துக்கு, ஒரு முழம் தள்ளி. சரணத்துக்கு முன்னால் மூச்சு இழுத்தார், நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார், அதுகூடக் கேட்டது. யாரோ வேற்று ஆம்பளை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி அவள் தன்னையறியாமல் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு சிரித்தாள், பிறகு கண்ணில் தண்ணீர், ஒரே பாட்டைப் பதினோரு தடவை கேட்டாள். குரலுக்குப் பின்னால் இடப்பக்கம் வீணை, வலப்பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி வயலின்கள், அவர்களுக்கும் பின்னால் ஒருத்தர் நாற்காலியை நகர்த்தினார், எந்தக் காலத்து நாற்காலியோ, யார் நகர்த்தியதோ, இத்தனை வருசம் கழித்து எலச்சிபாளையத்துக் கொட்டகையில் ஒருத்திக்காகக் கிரீச்சென்றது. வீணை இடப்பக்கம் என்றால் எந்த இடப்பக்கம்? உண்மையான இடப்பக்கமா, மந்தக் காதுக்காக ஏற்றி வைத்த இடப்பக்கமா? இதோ, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது பார்.

"ஏனம்மிணி" என்று பக்கத்தில் குரல் கேட்டது. கோழிப்பண்ணை வையாபுரி. அவருடைய பெரிய கறுப்பு வண்டி வரிசையில் இவள் வண்டிக்கு இரண்டு வண்டி தள்ளி நின்றது, உள்ளே நீல விளக்கு, ஊதா விளக்கு, மாரியம்மன் பண்டிகை மாதிரி. "மிக்சிக்கு ஜார் மாட்டறாப்பல இதையெல்லாம் நீயேவா மாட்டுன?" ஆமாங்ண்ணா, மிக்சியும் நானேதான் ரிப்பேர் பண்ணுவேன், உங்க வீட்ல ஓடலைன்னாச் சொல்லியனுப்புங்க என்றாள். வாய் தன்பாட்டுக்குப் பேசியது, கண் வண்டியை விட்டு நகரவில்லை. வையாபுரி சிரித்தார், லோகநாதனும் சிரித்தான், அவன் இடுப்பிலிருந்த கனிஷ்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அம்மா, அந்த மாமாவைக் காணோம்" என்றாள். எந்த மாமாவை? நடுவரை. கண்ணாடியில் அவர் தலை இல்லை. இப்போதுதானே இருந்தது, நரைத்த தலை, அசையாமல். இடையில் மறுபடி ஒரு கடக் கேட்டிருந்தது, அது எதற்கென்று தமயந்தி யோசிக்காமல் விட்டிருந்தாள். "தூங்கிட்டாராட்ட இருக்குது. பாட்டு அத்தனை சுகம்" என்றார் வையாபுரி. மயக்கமாக இருந்தால்? ஏசி ஓடவில்லையே, போட்டியில் என்ஜினை நிறுத்திவிட வேண்டும், உச்சி வெயிலாகப் போகிறது, தகர வண்டி, ஐம்பதைத் தாண்டிய மனிதர், காலையில் ஏதாவது சாப்பிட்டாரோ இல்லையோ. கால் தன்னால் கயிற்றுக்கு அடியில் போனது. லோகநாதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "புள்ள. நில்லு." மயக்கமாட்ட இருக்குதுங்க. "மயக்கம் போட்டவன் விரல் தாளம் போடுமா? ஸ்டீயரிங்கைப் பாரு." பார்த்தாள். ஸ்டீயரிங் வளையத்தின் மேல் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன, அவை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. விரல் இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியென்றால் கீழே சரிந்து போய் உட்கார்ந்திருக்கிறார். சரிந்து எதற்காக? ஸ்பீக்கரில் ஏதாவது கரகரப்பா, கதவுக்குள் ஏதாவது ஸ்க்ரூ ஆடுகிறதா, காதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறாரா? ஆடினாலும் ஆடும், வலது கதவில் கடைசி ஸ்க்ரூவுக்கு மரை பிடிக்கவே இல்லை, ரப்பர் வைத்து அடைத்திருந்தாள், அதைக் கண்டுபிடித்துவிட்டார், அதைத்தான் எழுதப்போகிறார். சரி, எழுதட்டும், ஸ்க்ரூவை எழுதினால் பரவாயில்லை, ஸ்க்ரூவை மாற்றலாம். காதை மாற்ற முடியாதே.

கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது, பிறகு நிறைய நேரம் எதுவும் வரவில்லை, ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். ஆல்பர்ட் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. "யாருங்க இது, ஒலி அமைத்தவர், தமயந்தி?" நான்தானுங்க. அவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அதில் தப்பு ஏதுமில்லை, டேப் வைத்து அளக்கிற பார்வை. "நெனச்சேன்" என்றார். "மொதப் பாட்டுல குரல் இடதாண்ட நழுவிப் போச்சு. சரி, இது என்னைய விடக் குட்டையான ஒருத்தருக்கு வெச்சதுன்னு தோணுச்சு. தலையணையை வேற பாத்தேனா. சீட்டை முன்னால தள்ளிட்டு, அப்படியே கீழ இறங்கி இறங்கிப் பாத்தேன். ஒரு இடத்துல வந்து நின்னுச்சு பாருங்க." விரலை உயர்த்திக் காட்டினார். "அப்புறம் ரெண்டு பாட்டும் ஒரு நூல் அசையல." எங்கீங்க நின்னுது என்று கேட்டாள். அவர் கையிலிருந்த தாளைத் திருப்பினார். அதில் காரின் முன்கண்ணாடிப் படம் அச்சடித்திருந்தது, குரல் எங்கே கேட்கிறதோ அங்கே நடுவர் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்திருந்தார். நேர் நடுவில். நெற்றிக்குப் பொட்டு வைத்த மாதிரி, இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. தமயந்தி அந்தப் புள்ளியையே பார்த்தாள். "சார், எடது பக்கம் சத்தம் ஏத்தி வெச்சிருக்குதுங்களா? அதிகமா?" "இல்லீங்களே. எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் இருக்குது. மைக் வெச்சு அளந்தீங்களா?" இல்லீங்க, காதுல கேட்டுத்தான். "காதுலயேவா? எந்தக் காதுல?" விளையாட்டாகத்தான் கேட்டார், அவருக்கு என்ன தெரியும். "ரெண்டு காதுலயுங்க" என்றாள்.

பேஸ் பத்தாது, வயர் கட்டினது அசிங்கமாக இருக்கிறது, பின்னலைப் போட்டு முடியாமல் விட்ட மாதிரி, அதற்கெல்லாம் மார்க்கு போகும், கப்பு கிடைக்காதுங்க என்று அவர் சொல்லிக்கொண்டே போனதை அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள், கல்யாண விருந்தில் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று வாங்குகிறவள் மாதிரி. போகட்டும், போகட்டும், எல்லா மார்க்கும் போகட்டும். அவர் அடுத்த வண்டிக்குப் போனபிறகு முதலில் அவளுக்குப் பசித்தது. காலையில் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தது இப்போது வயிற்றில் மணி அடித்தது. அப்புறம் மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பிடித்த கை, அந்த அட்டை, நாற்பது பிள்ளைக் கூச்சல். யாராவது ஒருத்தர் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும், ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிச வேலைக்கு இருபத்தோரு வருசம் திரும்பித் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், பஸ்ஸில், பந்தியில், பிரசவ வார்டில். கோபம் வர வேண்டும். வரவில்லை, சிரிப்புதான் வந்தது, வயிறு குலுங்கச் சிரித்தாள். "என்ன புள்ள, கப்பு இல்லைன்னாரு, சிரிக்கற" என்றான் லோகநாதன். எனக்கு ரெண்டு காதும் நல்லா இருக்குதுங்க. "அதை நான் அன்னிக்கே சொன்னனல்ல?" நீங்க எங்க சொன்னீங்க, ஒண்ணு மிச்சமிருக்குதுன்னுதான் சொன்னீங்க. "சரி விடு, இன்னைக்கு ரெண்டாச்சு. நம்ம வீட்ல மொத்தம் நாலு காது, பாப்பாதும் உன்றதும்." கனிஷ்கா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதில் முறுக்குத் தூளை ஒட்டவைத்தாள். திடலில் எங்கோ ஒரு வண்டி பேஸைத் தட்டிவிட்டது, படியே அதிர்ந்தது, மண்டபத்துப் புறாக்கள் மொத்தமாக எழுந்தன, இடப்பக்கமாக எழுந்து வலப்பக்கம் போயின. கண்ணை மூடிக்கொண்டே அவளால் அதைச் சொல்ல முடிந்தது. மறுபடி மூடினாள். டீக்கடை பாய்லர் பின்னால், இடது. யாரோ பைக் ஸ்டாண்டு போட்டார்கள், அதுவும் இடது, தூரத்தில். இத்தனை நாள் இதெல்லாம் இருந்ததுதானே. இருந்தது, அவள்தான் நம்பாமல் இருந்தாள்.

"அம்மிணி." வையாபுரிதான், இந்தத் தடவை குரலில் அத்தனை வீறாப்பு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குனிந்தார். "அடுத்தது என்ற வண்டி. ஒரு நிமிசம் உள்ள உக்காந்து கேளேன். கடைக்காரன் அம்சமா இருக்குதுங்கறான், என்ற மச்சான் அம்சமா இருக்குதுங்கறான், எனக்கு மட்டும் என்னமோ ஆள் இல்லாத வீட்டுக்குள்ள டிவி ஓடறாப்பல இருக்குது. நான் யார்ட்டச் சொல்ல?" தமயந்தி எழுந்து போனாள். அந்தப் பெரிய சீட்டில் அவள் கால் தரையைத் தொடவில்லை, நுனிக்கு வந்து உட்கார்ந்தாள், விளக்கையெல்லாம் அணைங்ண்ணா என்றாள், அணைத்தார். பாட்டு வந்தது. விலை உயர்ந்த, பளபளவென்ற பாட்டு. ஆனால் பாடுகிறவர் எங்கே? முன்னால் இல்லை, பக்கத்தில் இல்லை, தலைக்குப் பின்னால் எங்கோ கரைந்து கிடந்தார், மிருதங்கம் அடிக்கிறது, நெஞ்சில் படவில்லை, ஒரு கதவு தள்ளினால் ஒரு கதவு இழுக்கிறது. ஒரு கதவு ஸ்பீக்கருக்கு வயரின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்க வேண்டும். எந்தக் கதவு? வையாபுரி பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இது ஜெர்மனியில இருந்து வரவெச்சது, இந்தப் பெட்டிக்குத் தேக்கு மரம், கண்ணாடிக்கு மட்டும் ஒரு வாரம் வேலை என்று அடுக்கிக்கொண்டே போனார், தமயந்தி தலையை ஒரு பக்கமும் திருப்பாமல், நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"ண்ணா, கொஞ்சம் பேசாம இருங்க. நான் கேட்டுட்டு இருக்கறேன்."